எனக்குக் கேட்காத விசிறி

கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்று என் மகள் சொன்னபோது, இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அது இரண்டாயிரங்களின் முற்பகுதி. அனல் மின் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, திருவொற்றியூரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் இருந்தேன். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் கணவன் வீட்டில் இருக்க முடியாமல் கைக்குழந்தையோடு என்னிடம் வந்துவிட்டாள்.

குழந்தையை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது என்பதால், வீட்டிலிருந்தே செய்யும் டைப்பிங் வேலை ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்க வேண்டும். கேட்காத இடத்தில் கோடு போட்டு விட்டுவிடலாம். ஆனால் கோடுகள் அதிகமானால் ஃபைல் திரும்பி வரும்; அடிக்கடி திரும்பி வந்தால் வேலை போய்விடும். அவள் ஃபைல்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன.

"நைனா, இந்த சிபியு கொய்ங்குனு கத்திகினே கீது. டாக்டர் மெதுவா பேசுற எடமெல்லாம் போயிடுது" என்றாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"லாரி சத்தம்மா அது."

"லாரி வந்துட்டுப் போயிடும் நைனா. இது போவ மாட்டேங்குது."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டர்பைன் ஹாலில் வேலை செய்தவர்கள் யாருக்கும் காது முழுசாக மிஞ்சியதில்லை. ஆனால் யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டோம். காது மந்தம் என்று மருத்துவ அறையில் எழுதிவிட்டால் ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுவார்கள். பெரிய இயந்திரத்தை ஓட்டியவன் ஆணி, போல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் வருடாந்தரப் பரிசோதனையில், சோதிப்பவரின் தோள் அசைவதைப் பார்த்து, சத்தம் எழுப்பும் பட்டனை அழுத்திவிட்டார் என்று தெரிந்ததும், கேட்டதுபோலக் கையைத் தூக்குவோம். உள்ளே போய்விட்டு வருகிறவன் அடுத்தவனுக்கு "இடது தோளைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவான். பொறியியல் படித்த நானும் அப்படித்தான் கையைத் தூக்கினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. ஆனாலும் விடவில்லை. பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வேன். மிச்சத்துக்குத் தலையை ஆட்டுவேன்.

ஆகவே எனக்குக் கேட்கவில்லை என்றால், சத்தம் இல்லை. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இன்னொரு ஃபைல் திரும்பி வந்தபோது அவள் மறுபடி சொன்னாள். நான் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேலை செய்ய முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. எங்க போனாலும் உனக்கு ஒரு குறை. அந்த வூட்லயும் இப்படித்தான் குறை சொல்லினு வந்த."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பிறகு அவளே ஒரு வழி செய்துகொண்டாள். பழைய புடவைகளை மடித்துக் குழந்தைக்குத் தைத்திருந்த மெத்தையை எடுத்து, சிபியுவைச் சுற்றிக் கட்டிவிட்டாள். காற்றுப் போக வழியில்லாமல் அது கொதித்திருக்கிறது. ஒரு நீண்ட ஃபைலின் கடைசிப் பக்கத்தில் திரை அணைந்துவிட்டது. அடித்தது அத்தனையும் போயிற்று. கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. இந்த மாதம் பார்ப்போம், இப்படியே போனால் வேலை அனுப்ப மாட்டோம் என்றார்களாம். நான் மெத்தையை அவிழ்த்துக்கொண்டே, வெப்பம் எப்படி வெளியேற வேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். நான் சொன்ன இயற்பியலில் பிழையே இல்லை.

அதற்குச் சில நாள் கழித்துக் கீழ்வீட்டு அம்மாள் வந்தார். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்பவர். ஏலத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல். எதிரில் நின்று அவர் பேசுவது மட்டும் எனக்கு எப்போதும் தெளிவாகக் கேட்கும். கையில் ஒரு பையில் சங்கரா மீன்.

"இன்னாமே, எம்மா நேரமா வாசல்ல நின்னு கூப்டுறேன், தெறக்க மாட்டேன்ற? உள்ள மாவு மிஷினு வெச்சுகீறியா?"

மகள், "மிஷின் இல்லக்கா, கம்ப்யூட்டரு" என்றாள்.

"கம்ப்யூட்டரா? எங்க மீன்புடி போட்டு இஞ்சினே தேவல போலகீதே! அதாண்ட குந்திகினு கீற, தல வலிக்கல உனக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, பெரிய கரண்டு ஆபீஸரு, இதப் பாக்க மாட்டியா? பொண்ணு செவுடாப் பூடப் போவுது."

அவர் கொடுத்த மீன் பையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. 'நான் சொன்னேனே' என்று அவள் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சண்டை போட்டிருப்பேன். அவள் மீனைக் கழுவப் போய்விட்டாள்.

மின் நிலையத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் கெட்டுப்போனதா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இயந்திரத்தின் கூட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்போம். காற்றில் வராத சத்தம் இரும்பு வழியாக வரும். மறுநாள் காலை, மகள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த நேரத்தில், கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ப்ராசசருக்கு மேல் ஓர் அலுமினியக் கட்டி, அதன் மேல் சின்ன விசிறி; இரண்டும் சேர்ந்ததைக் கூலர் என்பார்கள். கட்டியின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் கடல் உப்பும் சேர்ந்து கம்பளி போல அடைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, விசிறியின் சட்டத்தில் டிரைவரை ஊன்றிக் கேட்டேன்.

மண்ணை அரைப்பது போன்ற சத்தம். அப்படி ஒரு பேரிங்கை நான் வேலையில் கேட்டிருந்தால் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தியிருப்பேன். டிரைவரை எடுத்தேன். அமைதி. வைத்தேன். அரைத்தது. இப்படிப் பல முறை எடுத்தும் வைத்தும் பார்த்தேன். அவள் மாதக்கணக்கில் இதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட நினைத்தேன். பிரஷ்ஷால் தூசியை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். சில நாள் அவள் முகம் தெளிந்திருந்தது. பிறகு மறுபடி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பேரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ப்ராசசரின் பெயரைச் சொல்லி, அதற்குச் சத்தம் வராத கூலர் ஒன்று வேண்டும் என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் அதத்தான் சார் கேக்குறாங்க." மூன்று கூலர்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்து ஓடவிட்டார். "நீங்களே கேட்டுப் பாத்து எடுத்துக்கோங்க."

மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஓடுகிற விசிறிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"எனக்குக் காது கேக்காதுப்பா" என்றேன். "என் பொண்ணுக்கு. நீங்க கேட்டு எடுத்துக் குடுங்க."

என் வாழ்க்கையில் அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. அவருக்கு அது ஒன்றுமே இல்லை. குனிந்து கேட்டு, செம்பு அடிப்பாகமும் அகலமான விசிறியும் உள்ள ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "இது மெதுவா சுத்தும் சார். பொண்ணுக்கு இதான் சரி."

வீட்டில் கூலரை மாற்றும்போது மகள் என் கூடவே நின்றாள். ப்ராசசருக்கும் பழைய கூலருக்கும் நடுவே தடவிய வெப்பப் பசை காய்ந்து இறுகியிருக்கும். அப்படியே இழுத்தால் ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் தளர்த்தி, கூலரை இப்படியும் அப்படியுமாக மெல்லத் திருகினேன். பிடி விட்டது. பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புதிய பசையை மிளகளவு வைத்தேன். புதிய கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் கவனிக்கவில்லை, அவள்தான் உரித்தாள். கொக்கிகளை மாட்டி, விசிறியின் வயரைச் செருகி, ஸ்விட்சைப் போட்டேன்.

மகள் காதைக் கிட்டே கொண்டுபோனாள். "ஓடுதா நைனா?"

"ஓடுது. பாரு, சுத்துது."

"சத்தமே இல்லியே!" என்று சிரித்தாள். என் வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு முன்னாடியும் இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குக் காது மந்தமாகிப் பல வருடங்கள் ஆகின்றன என்றேன். அவளிடம் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டதையும் சொன்னேன்.

"அப்ப உனக்குக் கேக்கலன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகினேதான் அன்னிக்கி அந்த வூட்டு பேச்ச எடுத்தியா?"

நான் கீழே கிடந்த பழைய கூலரை எடுத்துப் பைக்குள் போட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காத்திருந்த ஃபைலைத் திறந்தாள்.

வேலை நிலைத்தது. அந்த மாதம் ஒரு ஃபைலும் திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் கூடுதலாகவே அனுப்பினார்கள். எனக்குச் சாப்பாடு போடுவதிலோ, கூப்பிட்டால் வருவதிலோ அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. சத்தமாக, நேருக்கு நேர் நின்று பேசவும் பழகிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு நாள், தெரியாத மெக்கானிக் ஒருவர் கருவிப் பையோடு மாடி ஏறி வந்தார். தண்ணீர் மோட்டார் ஒரு வாரமாகக் கிறீச்சிடுகிறதாம். என் மகள் கீழ்வீட்டு அம்மாளிடம் சொல்லி, அந்த அம்மாள் இவரை அனுப்பியிருந்தார். முப்பத்தைந்து வருடம் மோட்டார்களோடு வாழ்ந்த நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்; என்னிடம் அவள் சொல்லவில்லை. அவள் உள்ளே டைப் செய்துகொண்டிருந்தாள். நான் மோட்டார் இருக்கும் இடத்தை அவருக்குக் காட்டிவிட்டு, அவர் கழற்றிக் கொடுத்த நட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.