குடோன் சாவியும் மூன்று ரோல் துணியும்

வக்கீல் குமாஸ்தா வேலையில் பாதி, வருகிறவர்களை உட்காரச் சொல்வது. உட்கார இடம் இருக்காது என்பது வேறு விஷயம். திருப்பூர் கோர்ட் வராந்தாவில் ஒரு வாய்தாவுக்காவது கால் கடுக்க நின்றவராக இருந்தால் உங்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை. பதினேழு வருஷமாக அங்கே ஃபைல் தூக்குகிற எனக்கே இந்த ஒரு கேஸ் புதுசு.

போட்டார்கள்

சுப்பிரமணி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி குடோன் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். ஒரு நாள் ஸ்டாக் எடுத்தபோது மூன்று ரோல் துணி குறைந்தது. சாவி வைத்திருந்தவர் அவர்தானே என்று முதலாளி திருட்டுப் புகார் கொடுத்துவிட்டார்.

ஜாமீன் கிடைத்து எங்கள் ஆபீசுக்கு வந்தவர் வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே நின்றார். ஊருக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன்.

"வெள்ளகோவில்ல எங்கூட்டு வாசல்ல வந்து போலீஸ் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கக்கா. எப்படிங்க தூங்கறது?"

எடுத்தார்கள்

இரண்டே மாதம். அவசர ஷிப்மெண்ட் ஒன்று வந்தது. துணி வீணாகாமல் வெட்ட அவரைப்போல் ஆளில்லை. முதலாளியே ஸ்டேஷனுக்குப் போய், எண்ணியதில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். போலீசும் வழக்கைக் கைவிடுவதாகக் கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பியது. நான் சந்தோஷத்தில் ஆபீசில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

சுப்பிரமணி வேலைக்குத் திரும்பினார். பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, இப்போது திருப்திதானே என்று கேட்டேன்.

"கட்டிங் மெஷினக் குடுத்துட்டாங்கக்கா. சாவி வாட்ச்மேன்கிட்டத்தான் இருக்குதுங்க."

மறுபடியும் போட்டார்கள்

ஷிப்மெண்ட் போன மறுநாளே அவர் வேலையை விட்டார். முதலாளிக்குச் சுருக்கென்றது. வழக்கைக் கைவிடுவதில் ஆட்சேபணை உண்டா என்று கோர்ட் அனுப்பிய நோட்டீசுக்கு, உண்டு என்று மனுப் போட்டார். திரும்ப எண்ணிப் பார்த்தாராம், அதே மூன்று ரோல் குறைகிறதாம். மறு விசாரணை, குற்றப்பத்திரிகை எல்லாம் வந்து சேர்ந்தன. திருட்டுக் கேஸ் உள்ளவரிடம் எந்தக் கம்பெனி சாவி கொடுக்கும்? சுப்பிரமணி அங்கங்கே தினக்கூலிக்கு வெட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு டைப் அடித்த மனுவெல்லாம் பிழை. முதலாளியின் வக்கீலுக்கும் ஒரு குமாஸ்தா உண்டு. வராந்தாவில் அவரைப் பிடித்து, இதெல்லாம் நியாயமா என்று கேட்டேன்.

"துணி போனதுக்கில்லீங்கக்கா, ஆளு போனதுக்குத்தான் இந்தக் கோபம்."

சமாதானம்

ஆர்டர்கள் குவிந்த அடுத்த சீசனில் முதலாளியே சமாதான மனுவோடு கோர்ட் வராந்தாவுக்கு வந்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் கோர்ட் அனுமதிக்கும், கேஸ் அன்றே முடியும். மறுத்து, விசாரணையில் தோற்றால் ஜெயில். நான் சுப்பிரமணியிடம் அதைச் சொல்லிப் பேனாவைக் கையில் திணித்தேன்.

"பழசெல்லாம் எதுக்குங்க மாஸ்டர், நாளைக்கே வந்துருங்க" என்றார் முதலாளி.

"சாவிங்க?"

முதலாளி செல்போனைப் பார்த்தார். "அது வாட்ச்மேன்கிட்டயே இருக்கட்டுமே."

சுப்பிரமணி பேனாவை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். கோர்ட்டுக்குள்ளே, சமாதானம் இல்லையா என்று நீதிபதி கேட்டார்.

"வேண்டாங்கய்யா. நான் எடுத்தனா இல்லீங்களான்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லிருங்க."

கேஸைத் தள்ளிப்போட வாய்தா வாங்கித் தாருங்கள் என்று எல்லோரும் கேட்டே பழகிய நான், வாய்தா என்றாலே என்னை முறைக்கிற இந்த ஒருவருக்காக இப்போதெல்லாம் பத்து மணிக்கு முன்பே போய் அதே வராந்தாவில் நின்றுகொண்டிருக்கிறேன்.