பேனலுக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிவாசல் என்கிற எங்கள் மலையூரில் ஜீப் ஏறினேன். மூணாறு எட்டு கிலோமீட்டர். அங்கிருந்து உடுமலைப்பேட்டைக்கு பஸ். என் தோள்பையில் மீட்டர், ஸ்பானர்கள், இரண்டு பழைய பருத்தித் துண்டுகள். பக்கத்து சீட்டுக்காரர் பையை எட்டிப் பார்த்தார். "மெக்கானிக் யாரும்மா, வீட்டுக்காரரா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். மறையூர் வரும்வரை மனிதர் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார். கேள்வி எனக்குப் பழகியதுதான். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்கிறது.

பள்ளிவாசலில் ஒரு தங்கும் விடுதியில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் சோலார் பம்பு என் பொறுப்பு. போன மே மாதம் கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் சுற்றுலா வந்தது. எல்லோரும் தேயிலைச் செடிக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, ஓர் அம்மாள் மட்டும் இரண்டு மணி நேரம் என் பம்பை விட்டு நகரவில்லை. அவர் தெய்வாத்தாள் அக்கா. ஊருக்குத் திரும்பியதும் கிருஷிபவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஐப்பசியில் தன் விவசாயக் காட்டில் அதே மாதிரி ஒன்று மாட்டிவிட்டார். பொங்கல்வரை நன்றாக ஓடியது. மூன்று நாளைக்கு முன்னால் போன் வந்தது. "அம்மிணி, தண்ணி நூலாட்டம் வருது. ஞாயித்துக்கெழம வரைக்குந்தான் எனக்குக் கெடு. வந்து பாத்துட்டுப் போ கண்ணு."

சின்னாறு செக்போஸ்ட்டில் டீ பன்னிரண்டு ரூபாய். சர்க்கரைப்பாகு என்று சொல்லியே விற்கலாம். மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன். பத்தரைக்கு உடுமலை, பன்னிரண்டுக்குப் பொள்ளாச்சி. கோவிந்தாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மாந்தோப்பு, பூத்து நின்றது. கணவாய்க் காற்று புழுதியை வாரி பஸ்ஸுக்குள் கொட்டியது. கொல்லங்கோட்டுக்கு நான்கு கிலோமீட்டர் முன்பாகவே இறங்கிக்கொண்டேன். அக்காவின் காடு ரோட்டை ஒட்டியே இருக்கிறது. தெற்கே தென்மலை செங்குத்தாக நிற்கிறது.

ஒரு ஏக்கர் பாகல் பந்தல். பூவும் பிஞ்சுமாக இருக்கவேண்டிய பருவம். நான் பார்த்தபோது பூக்கள் வதங்கிக் கீழே கிடந்தன.

கெடு வைத்தது யார் என்று அன்று சாயங்காலம் அக்கா சோளத்தோசை சுட்டுக்கொண்டே சொன்னார். குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கிணறு. நான்கு நாளைக்கு ஒருமுறை இவருடைய தண்ணீர் முறை. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். அதிலிருந்து இவர் முறை வரும் நாளில் மட்டும் மோட்டாருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மோட்டார் கொழுந்தன் ஆறுச்சாமியின் கையில் இருக்கிறது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் தனி போர்வெல் போட்டு, சோலார் மாட்டினார். இப்போது தண்ணீர் நின்றதும் ஆறுச்சாமி பங்காளிகள் முன்னால் வந்து, "பந்தல எங்கிட்ட உட்டுருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறார்.

"அதுக்கு நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ஞாயித்துக்கெழம பந்தல் கடைசி வரைக்கும் தண்ணி பாயும். பாயலீன்னா நானே பம்புச் சாவியக் கொண்டாந்து குடுக்கறேன்னுட்டேன்."

"பாயும்னு எதை வெச்சுச் சொன்னீங்க?"

"உன்னய வெச்சுத்தான்."

எழுந்துபோய்ப் பையிலிருந்த மீட்டரை எடுத்துச் சரிபார்த்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வேலையை ஆரம்பித்தேன். கம்பெனி ஆள் இரண்டு முறை வந்தாராம். வேப்பமர நிழலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, போரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லிப் போனாராம். போருக்குள் கயிறு விட்டுப் பார்த்தேன். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஒயர் சரி. மோட்டார் சரி. சோலார் பேனலிலிருந்து கன்ட்ரோலர் பெட்டிக்கு வரும் கரண்ட்தான் பாதிகூட இல்லை. அடியில் மாடு கட்டுவதற்காக ஸ்டாண்டைப் பத்தடி உயரத்தில் தூக்கி வைத்திருந்தார்கள். கீழே நிற்கிறவருக்குப் பேனலின் முதுகு மட்டும்தான் தெரியும். ஏணியைச் சாத்தி ஏறினேன்.

மேலே போனதும் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. பத்துப் பேனலிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று பட்டைத் திருநீறு, பட்டை ஒன்று நான்கு விரல் அகலம். நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சந்தனம், குங்குமம். வெயிலில் காய்ந்து இறுகி, மேலே புழுதி படிந்து, பத்துச் சாமிகள் மல்லாந்து படுத்திருந்த மாதிரி இருந்தது.

"என்னக்கா இது?"

"பட்டிப் பொங்கலுக்கு வெச்சது" என்றார் கீழே இருந்து, அதில் என்ன அதிசயம் என்கிற குரலில்.

ஏர், வண்டி, மோட்டார், மாடு எதற்கும் பட்டிப் பொங்கல் என்கிற மாட்டுப் பொங்கலன்று பொட்டு வைக்காமல் இங்கே விடமாட்டார்கள். பேனலையும் விடவில்லை. பத்துப் பேனலும் கைகோத்து நிற்கிற ஒரே வரிசை, ஒன்று சோர்ந்தால் எல்லாம் சோரும் என்று விளக்கினேன். இதைக் கழுவினால்தான் தண்ணீர் வரும் என்றும் சொன்னேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அழிக்கமாட்டேன்."

"அக்கா..."

"நீ கேளு. கல்யாணமாயி வந்த வருசத்துல இருந்து பொதுக் கெணத்து மோட்டாருக்கு நாந்தான் பொட்டு வெப்பேன். அவரு தவறுன வருசம் திருநீத்துத் தட்டோட போறேன், ஆறுச்சாமி சொல்றான், 'அண்ணி, நீங்க தள்ளி நில்லுங்க'ன்னு. ஆறு பொங்கலு தள்ளி நின்னு பாத்தேன். இது என்ற மோட்டாரு. ஆரு என்னயத் தள்ளி நிக்கச் சொல்றதுன்னு ஏணி போட்டு ஏறி வெச்சேன். ஒண்ணுகூட உடல, பத்துக்கும் வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "சூரியனுக்குத்தான வெச்சிருக்குது? அவருக்கே மறைக்குமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஆறு வருடமாக அவரைத் தட்டோடு தள்ளி நிற்கவைத்தவர்கள்மேல். ஆனால் என் கோபத்தால் பாகலுக்குத் தண்ணீர் பாயாது. பெட்டியில் தெரியும் கரண்ட் நம்பரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பேனல்மேல் என் துண்டை மடித்துப் போட்டேன். நம்பர் சரிந்தது. எடுத்தேன், ஏறியது. மறுபடி போட்டேன். அவர் பந்தலுக்குள் போய்விட்டார். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் அன்றைக்குக் கழுவவும் வழியில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா குடத்தோடு ஏணியில் நின்றார்.

"துண்டக் குடு. வெச்ச கைதான் அழிக்கோணும். நீகூடத் தொட வேண்டாம்."

சுரண்டாமல் ஊறவைத்துத் துடைக்கச் சொன்னேன். பத்தையும் முடிக்க ஒன்றரை மணி நேரம். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சாமியிடம் மன்னிப்பா, ஆறுச்சாமிக்கு வசவா, தெரியாது.

எட்டரைக்குச் சுவிட்சைப் போட்டோம். குழாய் முதலில் இருமியது. பிறகு இரண்டரை அங்குலக் குழாய் நிறையத் தண்ணீர். அக்கா கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. நானும் கத்தினேன், வெட்கமில்லாமல்.

பத்து மணிக்கு ஆறுச்சாமி இரண்டு பங்காளிகளோடு வந்தார். தண்ணீர் பந்தலின் கடைசி வரிசையைத் தொட்டிருந்தது. வாய்க்காலோடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கம்பெனிக்காரன் வந்துட்டானாட்ட இருக்குது?"

"இந்தப் புள்ளதான் வந்துது, பள்ளிவாசல்ல இருந்து."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்கு நல்ல வெயிலுங்க அண்ணி. மழக்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"மழக்காலத்துல மோட்டாரு எதுக்கு ஆறுச்சாமி?"

பங்காளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அக்கா வீட்டுக்குள் போய்த் திருநீற்றுத் தட்டோடு வந்தார். மறுபடி ஏறப்போகிறாரோ என்று பயந்தே போனேன். அவர் ஏணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஸ்டாண்டின் ரோட்டோரத்து இரும்புக் காலுக்குப் போனார். ஆறுச்சாமி அதில்தான் சாய்ந்து நின்றிருந்தார்.

"தள்ளி நில்லு ஆறுச்சாமி. பொட்டு வெக்கோணும்."

அவர் தள்ளி நின்றார். அக்கா நான்கு கால்களுக்கும் ஆள் உயரத்தில் பட்டை போட்டு, நிதானமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவசரமே இல்லை. பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கைநிறையப் பாகல் பிஞ்சு கொடுத்தார். "வாரத்துக்கு ஒருக்கா வெடியால, வெயிலுக்கு முன்ன தொடைக்கோணும், கண்ணாடில எதும் வெக்கக்கூடாது, அதான?" என்று பாடத்தை ஒப்பித்தார். பொங்கலன்று பேனல்மேல் இருந்தபோது அந்தப் பொட்டைப் பார்த்தது காக்கையும் வானமும்தான். இப்போது பஸ் ஜன்னலிலிருந்து எனக்கே தெரிந்தது. கொல்லங்கோட்டுக்குப் போகிற, வருகிற யாருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் மின் நிலையத்தில் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கிக் கரண்டாகிறது. அக்காவின் காட்டில் வெயில் கரண்டாகித் தண்ணீரை மேலே கொண்டுவருகிறது. இரண்டு ஊரிலும் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றால் ஏனென்று கேட்க ஆள் இருக்கிறது. திங்கள் காலை விடுதியின் பம்பைத் துடைத்து முடித்ததும், அதன் பேனல் ஸ்டாண்டின் இரும்புக் காலில் ஆள் உயரத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். யார் வைத்தது என்று மேனேஜர் கேட்டார்.

"மெக்கானிக்" என்றேன்.