தேவராஜ் சாரின் இரண்டாவது சாட்சியம்

செவ்வாய்க்கிழமை காலை ஆரணி கோர்ட்டில் ஒரு வழக்குக்கு வாய்தா வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது என் குமாஸ்தா போனை நீட்டினார். மறுமுனையில் தேவராஜ் சாரின் மகள். "அப்பா தவறிட்டார் சார். காலையில எழுப்பப் போனேன், எழுந்திருக்கல" என்றாள். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது துக்கம் அல்ல. 'இன்னும் பதினாறு நாள் இருக்கிறதே' என்பதுதான் வந்தது. உயர் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்குப் பதினாறு நாள். அரை நிமிடம் கழித்துத்தான் 'ஐயோ' என்றேன். அவரை அறிந்தவர்கள் இதைப் படித்து என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

அவர் ஆரணியின் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் பட்டுக்கடையில் உட்கார்ந்தபோது இவர் இயற்பியல் படித்து, தடய அறிவியல் கூடத்தில் துப்பாக்கிப் பிரிவில் சேர்ந்து, முப்பது வருடம் தோட்டாக்களை உருப்பெருக்கியில் பார்த்தார். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவரை ஊரே 'துப்பாக்கி தேவராஜ்' என்றது. துப்பாக்கி பிடித்து ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை என்பார். டீக்கடையில் யாராவது, "இன்னா சார், இன்னிக்கு மழ வருமா?" என்று கேட்டால், "வந்தப்புறம் சொல்றேன்" என்பார். பார்க்காத எதையும் சொல்லாத மனிதர் என்று கோர்ட்டிலும் அவருக்குப் பெயர். அந்தப் பெயர்தான் ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பியது.

ஏழு வருடத்துக்கு முன், அவர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், சந்தவாசல் பக்கத்தில் ஒரு மாந்தோப்பின் வேலியோரம் ஒருவர் சுடப்பட்டுக் கிடந்தார். தோப்புக் காவல்காரன் ஏழுமலைக்கும் அவருக்கும் ஆடு மேய்ந்த தகராறு இருந்தது. தோப்பு முதலாளியின் ரைபிள் ஏழுமலையின் பொறுப்பில் இருந்தது. உடலுக்குப் பக்கத்தில் ஒரு காலித் தோட்டாக் கூடு. ஏழுமலைக்கு வக்கீல் நான். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி தேவராஜ் சார்.

அந்தத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காத வகை. முதலாளியின் தாத்தா காலத்தில் பட்டாளத்துத் தோட்டா போடும் ரைபிளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. அதனால் தாத்தா கிடைக்கிற ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, அதன் பித்தளைக் கூட்டில் கழுத்துக்குக் கீழே சரிந்திருக்கும் பகுதியை, தோள் என்பார்கள், முன்னால் தள்ளிச் செங்குத்தாக மாற்றி, அந்த உருவத்துக்கே ரைபிளின் குழலையும் குடைய வைத்தார். இப்படிச் சொந்தமாகச் செய்யும் வகைக்குத் துப்பாக்கிக்காரர்கள் வைல்ட்கேட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்காது என்பதால் சுட்ட கூட்டைப் பொறுக்கி, மறுபடி மருந்து அடைத்துச் சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதுக் கேப் ஒன்று வைக்க வேண்டும். துப்பாக்கியின் ஊசி அந்தக் கேப்பைக் குத்தும் குழிதான் கைரேகை மாதிரி. கடைசியாக எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று அதுதான் சொல்லும். இந்தக் கூட்டில் கேப் இல்லை. பலமுறை அடைத்துத் தளர்ந்துபோன கூட்டிலிருந்து அது கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது.

கேப் இல்லாததால் தேவராஜ் சார் தோளை அளந்தார். பக்கவாட்டுக் கீறல்களைப் பார்த்தார். இரண்டும் ஏழுமலையின் ரைபிளோடு ஒத்துப்போயின. கூண்டில் நின்று, "இப்படிப்பட்ட தோள் இந்த ஒரு ரைபிளுக்குத்தான் உண்டு" என்றார். நான் இரண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன். வெளிச்சம், தூரம், தகராறு எல்லாம் கேட்டேன். அவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஏழுமலைக்கு ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டோம், ஜாமீன் கிடைக்கவில்லை, வழக்கும் நகரவில்லை. அந்த நாட்களில் தேவராஜ் சாரை மார்க்கெட்டில் எதிரே கண்டால் நான் சந்து மாறிப் போவேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு நாள் அவரே என் ஆபீஸுக்கு வந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. "நான் தப்பா சொல்லிட்டேன் சார்" என்றார். பெரணமல்லூரில் இருக்கும் முதலாளி குடும்பத்துப் பங்காளி ஒருவர் லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு பழைய ரைபிளை ஒப்படைத்திருக்கிறார். அது ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்த பழைய சகா போன் செய்து, "உங்க தோள் இங்க இன்னொண்ணு இருக்குது சார்" என்றாராம். தாத்தா ஒரே கருவியால் இரண்டு ரைபிள் குடைய வைத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே காலிக் கூடுகள் போய்வந்துகொண்டிருந்தன. "கீறலெல்லாம் பழசு சார். முன்னாடி எப்பவோ ஏழுமல ரைபிள்ல வெடிச்சப்ப விழுந்தது. அன்னிக்கு எதுல வெடிச்சதுன்னு அந்தக் கூடு சொல்லவே இல்ல. நான் சொன்னேன்." அப்புறம்தான் உட்கார்ந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. "இத்தன வருஷம் கழிச்சா?" என்று கேட்டேன்.

பிரமாணப் பத்திரத்தை நான் எழுதினேன். 'தவறு நேர்ந்திருக்க வாய்ப்புண்டு' என்று வக்கீல் பாஷையில் போட்டிருந்தேன். அவர் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'நான் தவறு செய்தேன்' என்று எழுதினார். "பென்ஷனுக்கு ஆபத்து வரலாம் சார்" என்றேன். "வரட்டும். இதுக்கு மேல நான் 'வாய்ப்புண்டு'ன்னு சொன்னா எனக்கே சிரிப்பு வரும்" என்றார்.

ஒரு நாள் அவர் என் எதிரே இருந்தபோது ஏழுமலையின் மனைவி பச்சையம்மா வந்துவிட்டாள். ஆரணியில் பவர்லூமில் கூலி வேலை செய்கிறவள். அவரை யாரென்று தெரியாமல் வணக்கம் வைத்தாள். நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, "நான்தாம்மா அந்தச் சாட்சி சொன்னவன்" என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப கோர்ட்டுல பாக்கும்போது பெரியவரா தெரிஞ்சீங்க. இப்ப இன்னா இப்டி எளச்சிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அன்று டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க உயர் நீதிமன்றம் அனுமதித்தது. இப்போது கூண்டில் ஏற ஆள் இல்லை. செத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அவர் கையெழுத்திட்ட அந்தப் பிரமாணப் பத்திரத்தின் பலம் பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டாவது ரைபிள் இருக்கிறது, வேறு நிபுணரைத் தேடுவேன். ஆனால் 'நான் தவறு செய்தேன்' என்று அந்த வேறு ஆள் வந்து சொல்ல முடியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலூர் ஜெயிலுக்குப் போய் ஏழுமலையிடம் சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தான். "போன மாசம் வந்திருந்தாரு சார். உங்களாண்ட சொல்லலியா? எத்தினி மணிக்கு சோறு போடறாங்க, ராத்திரில தூக்கம் வருதான்னு கேட்டுகினு இருந்தாரு. கோர்ட்டுல சொல்லிட்டு நானே வந்து உன்ன இட்டுகினு போறேன்னாரு" என்றான். அவர் எனக்குச் சொல்லவே இல்லை.

தேவராஜ் சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். செய்த தப்பை, சம்பந்தப்பட்டவன் முகத்துக்கு நேரே, பூசி மெழுகாமல் சொல்லும் அந்தத் துணிச்சல். அது என் தொழிலில் பழக்கமில்லாதது. அன்று அங்கேயே ஒருமுறை முயன்று பார்த்தேன். "ஏழுமல, அந்தக் கூடு எத்தனை வாட்டி வெடிச்சதுன்னு குறுக்கு விசாரணையில நான் அவரைக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னுதும்தான்" என்றேன்.

அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"மொதலாளி ஒரே கூட்ட எத்தினி வாட்டி அடைப்பாருன்னு கூட நின்னு பாத்தவன் சார் நானு. கேசு நடக்கும்போது உங்களாண்ட சொல்ல வந்தேன். வேற கேசு இருக்குது, ஜல்தியா சொல்லுன்னீங்க. ஜல்தியா சொல்ல எனக்கு வரல."