வெட்டுவதற்கு முன் ஒரு வணக்கம்

என் சித்தியின் உத்தியோகம் திட்டு வாங்குவது. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில், பின்வாசலை ஒட்டிய புகார் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை, வாஷிங் மெஷின் ஒழுகுகிறது என்று வருகிறவர்கள், அதையெல்லாம் அவளே தன் கையால் செய்து அனுப்பியதுபோல் பேசுவார்கள். சாமானைத் தொப்பென்று போட்டுவிட்டுத்தான் வாயையே திறப்பார்கள். சித்தி ரசீதை வாங்கிப் பார்த்து, ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் டிவி முன்னால் உட்கார்ந்து, வீடியோ கேம் கன்ட்ரோலரை எடுத்து, வாளேந்திய ஜப்பானியச் சாமுராய் ஆகிவிடுவாள். மகன் விட்டுப்போன கேம் பெட்டியைத் தூசி தட்டப்போய்ப் பழகிக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். பொய். கடையில் விற்பனைக்கு இருந்ததை முறைத்து முறைத்துப் பார்த்துவிட்டுத் தனக்கென்றே வாங்கினாள். ஐம்பது வயதில் பொம்பளைக்கு வாள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் முகம் தெரியாத யாரோடும் ஆன்லைனில் வாள் சண்டை போடலாம். சண்டைக்கு முன்னால் ஒரு பட்டனை அழுத்தினால் நம் சாமுராய் குனிந்து வணங்குவான். அதனால் ஒரு லாபமும் கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் வணங்காமல் வாளை ஓங்கக் கூடாது என்பதை ரசிகர்களே ஒரு வழக்கமாக வைத்திருந்தார்கள். குனிந்திருக்கிறவனை வெட்டினால் ஊரே காறித் துப்பும். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பா ஒரு நாள் கேட்டார்.

"நாள் முழுக்க என்கிட்ட வர்றவங்க யாரும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல. இங்க வெட்ட வர்றவன்கூட ஒரு வணக்கம் வெச்சுட்டுதான் வெட்டறான்" என்றாள் சித்தி. அன்றிலிருந்து சித்தப்பா செய்தி பார்க்க டிவியைக் கேட்பதில்லை.

அந்த வணக்கத்தில்தான் கம்பெனி கை வைத்தது. ரசிகர்களிடம் கருத்துக் கேட்டார்களாம், எல்லோரும் வேகம் வேண்டும் என்றார்களாம். அப்டேட் வந்தது, வணக்கம் போனது, அதே பட்டனில் ஓர் உதை வந்து உட்கார்ந்தது. பழக்கதோஷத்தில் அன்று வணங்கப்போன அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டார்கள். சித்தியும் ஒரு பழைய கூட்டாளியை உதைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் ஒரே கூச்சல். ஒருவருக்கு இன்னும் ரத்தம் வேண்டும், ஒருவருக்குக் குதிரை வேண்டும், ஒருவருக்குக் கவசத்தின் கயிறுகூட நிஜம்போல் இருக்க வேண்டும். சித்தி ஒரே ஒரு வரி எழுதினாள்: "நானும் ரசிகைதான், எனக்கு அந்த வணக்கம் வேண்டும்." வெட்டுக்கிளி என்ற பெயரில் ஆடும் ஒருவன் உடனே பாய்ந்தான். "கும்பிடு போடணும்னா வேற எடம் பாருங்க ஆன்ட்டி, இங்க சண்டை." அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்தி வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. வாளை உறையில் போடும் பட்டன் இன்னும் இருந்தது. ஒவ்வொரு சண்டையின் தொடக்கத்திலும் வாளை உறையில் போட்டுவிட்டு அசையாமல் நின்றாள். புரிந்தவர்கள் தாங்களும் போட்டார்கள். புரியாதவர்கள் வந்து வெட்டினார்கள். தரவரிசையில் அவள் பெயர் மளமளவென்று இறங்கியது. மேலே இருப்பவர்களை மட்டுமே நேரில் நடக்கும் போட்டிக்கு அழைப்பார்கள், அந்த மேடையில் உட்காரத்தான் அவள் வருஷக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தாள். போட்டி முடிகிறவரை மட்டும் மற்றவர்களைப்போல் ஆடு என்று நான் கெஞ்சினேன்.

"இத விட்டுட்டு அங்க போனா, அங்க போய் உக்காரப்போறது யாரு?" என்றாள்.

பட்டியலின் வாலில் தொங்கிக்கொண்டு எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டாள். மேனேஜர் லீவு கிடையாது என்றார். சித்தி அதைக் கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டு போட்டிக்கு வந்துவிட்டாள்.

முதல் சண்டையே வெட்டுக்கிளியோடு. நேரில் பார்த்தால் ஆஜானுபாகுவான டெலிவரி வேன் டிரைவர், வேலைச் சட்டையோடு வந்திருந்தார். மூன்று சுற்றில் இரண்டு வென்றவர் மேலே போவார். முதல் சுற்றில் சித்தி வாளை உறையில் போட்டாள்; அவர் வந்து வெட்டினார்; அரங்கம் சிரித்தது. இரண்டாவதிலும் போட்டாள். இந்த முறை அவர் ஒரு கணம் தயங்கி நின்றார். பிறகு பாய்ந்தார், பாய்ந்த வேகத்திலேயே சித்தியிடம் வெட்டுப்பட்டார். ஆளுக்கு ஒன்று.

மூன்றாவதற்கு முன்னால் போட்டி நடத்துகிறவர் மேடைக்கு வந்தார். நேரத்தைக் கடத்துகிறீர்கள், இனி தொடக்கத்தில் வாளை உறையில் போட்டால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று சித்தியிடம் கறாராகச் சொன்னார். பின்னால் நின்ற நான் அவள் காதில் கிசுகிசுத்தேன், "ஒரே ஒரு தடவ விட்டுக்குடு சித்தி." அவள் தலையாட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

சுற்று தொடங்கியது. சித்தி கன்ட்ரோலரை மேஜையில் வைத்தாள். எழுந்து நின்றாள். திரையை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த அந்த ஆளைப் பார்த்து இடுப்பை வளைத்துக் குனிந்தாள்.

அவர் அந்த நேரத்தில் தாராளமாக வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, தடுமாறி எழுந்து, அந்தப் பெரிய உடம்பை மடக்கி அவரும் குனிந்தார். நடத்துகிறவர் விதிமுறைத் தாளைப் புரட்டினார். மனிதர்கள் எழுந்து நின்று வணங்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் சண்டை. சித்தி மயிரிழையில் தோற்றாள். எனக்கு அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அடுத்த ஜோடி மேடையில் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் வணங்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த ஜோடியும் அப்படியே. அதை எடுப்பதற்குக் கம்பெனியிடம் எந்த அப்டேட்டும் இல்லை.

மறுநாள் காலை கவுன்டரில் ஒருவர் இஸ்திரிப் பெட்டியைத் தொப்பென்று போட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினாராம். சித்தி எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு, ரசீதை வாங்காமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். வரிசை நீண்டுகொண்டே போனதாம். கடைசியில் அவரும் வணக்கம் சொன்னாராம்.