மருந்துவாழ் மலையில் உடும்பாய் வந்தவர்

மாகறலீசரை நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். அன்று நான் அவரைக் கும்பிடவில்லை, திட்டினேன்.

நான் காஞ்சிபுரம் பக்கம் செவிலிமேட்டில் பட்டு நெய்கிறவள். அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் போன தை அமாவாசைக்குக் கன்னியாகுமரி போனோம். கடலில் முழுகிவிட்டு மருந்துவாழ் மலை ஏறினோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி கஸ்தூரி. வீட்டுக் கூடத்தில் யார் தறி போடுவது என்று மூண்ட சண்டையில் எனக்கும் கஸ்தூரிக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆண்கள் பையோடு முன்னால் போய்விட்டார்கள். பாதை இரண்டாகப் பிரிந்தது. கஸ்தூரி என்னைப் பார்க்காமல் ஒரு மரத்தைப் பார்த்து, "வலது பக்கம்தான் படி போவுது" என்றாள். அவள் சொல்லிவிட்டாளே என்பதற்காகவே நான் இடது பக்கம் போனேன். தனியாக நிற்கப் பயந்து அவளும் பின்னால் வந்தாள். முட்புதர், பாறை, மறுபடி முட்புதர். கடைசியில் பாறை விளிம்பு. கீழே தென்னந்தோப்பு, அதற்கப்பால் கடல். எல்லாரும் அழகு அழகு என்கிற அந்தக் கடலைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. வந்த வழி தெரியவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

அப்போது கஸ்தூரிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவள். வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ண இருட்டுதுமா. மிட்டாய் பையில இருக்குது."

ஒன்றரை வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பையோ ஆண்களோடு போய்விட்டது. வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"யோவ் மாகறலீசா! ராஜாவுக்குன்னா பொன் உடும்பா வருவ, நாங்க கூப்ட்டா வரமாட்டியா? காது அடச்சிக்கினு இருக்குதா உனக்கு?"

பாறை இடுக்கிலிருந்து ஓர் உடும்பு விருட்டென்று ஓடியது. எங்கள் ஊர்ப்பக்கத்து மாகறலில் எங்கள் சாமி ஒரு ராஜாவுக்குப் பொன் உடும்பாய்க் காட்சி கொடுத்தவர். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த நிலையிலும் கஸ்தூரி போட்டுக்கொண்டாள். அது நுழைந்த புதரைப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த படி ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

அவளைத் தாங்கிப் பிடித்துப் படியில் இறக்கினேன். கொஞ்சம் கீழே ஓர் அம்மா சர்பத் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் கஸ்தூரி தெளிந்து, "சாமிய அப்டியா திட்டுவ? நாக்கு அழுகிப்போயிடும்" என்றாள்.

"எல்லாம் உன்னாலதான்க்கா" என்றேன். இருவரும் அழுதோம்.

இப்போது திங்கட்கிழமைதோறும் ஒன்றாக மாகறல் போகிறோம். கூடத்துத் தறிச் சண்டை தீரவில்லை. பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவாள். ஆனால் அவளுக்காக என் இடுப்பில் எப்போதும் மிட்டாயை முடிந்து வைத்திருக்கிறேன்.

உருகி வேண்டத் தெரியாதவர்கள் கோபமாகவாவது அவரைக் கூப்பிடுங்கள். என் ஈசர் மரியாதை பார்க்கிறவர் இல்லை.