பித்தளைச் செம்பில் ஏறிய வெள்ளை

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் போத்தல் கழுவும் வேலை எனக்கு. எழுத்து தெரியாது, போத்தல்களை நிறத்தை வைத்துத்தான் அறிவேன். கறுப்புப் போத்தலில் இருப்பது அமிலம், கையைச் சுடும். அது கிடக்கட்டும்.

ஒரு மழைக்காலத்தில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள் ஒருவரை லொறியில் கொண்டுவந்தார்கள். வாந்தி, இரத்தமாய்ப் பேதி. தோட்டத்து மருந்துக்காரர் கொலரா என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொலரா என்றால் தனியே ஒதுக்கிவைக்கும் தகரக் கொட்டகை; உள்ளே போனவர் திரும்புவது அபூர்வம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஆளின் வாய் வெந்து வெளுத்திருந்ததைப் பார்த்து, பாதரசமோ என்று சந்தேகப்பட்டார். அந்த ஆளின் மனைவி வாந்தியைப் பித்தளைச் செம்பில் பிடித்து, முந்தானையால் மூடிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் கையில் கொடுப்பதைத் தகரக் குவளையில் கொடுத்தால் மரியாதையில்லை என்பது தோட்டத்து ஆட்களின் நினைப்பு. டாக்டர் அதில் கொஞ்சம் எடுத்து, அமிலம் விட்டு, செப்புத் தகடு போட்டுக் காய்ச்சினார். பாதரசம் இருந்தால் தகடு வெளுக்கும். அது சிவப்பாகவே வந்தது. இனிக் கொட்டகைதான்.

நான் செம்பை அலசிக் கொடுத்தேன். அவள் உள்ளே பார்த்தாள்.

"என்னாண்ணே போட்டு வெளக்குனீங்க? பித்தளையே வெளுத்துப் போச்சே. எங்கம்மா குடுத்த சீரு."

"தண்ணிதான் ஊத்துனேன் தங்கச்சி. வெள்ளிச் செம்பாக்கிக் குடுத்தா ஏசுறியே."

டாக்டர் திரும்பினார். "உந்தச் செம்பை இங்க தாங்கோ பாப்பம்."

விரலால் தேய்த்தார். உட்புறம் கண்ணாடி போல மின்னியது. வழியெல்லாம் பாதரசம் பித்தளையில் ஒட்டிக்கொண்டுவிட்டது, தகட்டுக்கு மிச்சமில்லை.

"அவருக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"ஒண்ணும் குடுக்கலிங்க ஐயா. கால் புண்ணுக்குத் தோட்டத்துல குடுத்த நீல மாத்திரைதான். கரைச்சுக் கழுவச் சொன்னாங்க. உள்ளுக்குப் போனா சுருக்கா ஆறும்னு முழுங்கிட்டாரு."

அந்த நீல மாத்திரை பாதரசத்தில் செய்தது என்றார் டாக்டர். கொட்டகைப் பேச்சு நின்றது. விஷம் முறிய முட்டை வெள்ளைக்கருவும் பாலும் கொடுத்தார்கள். எவ்வளவு பாதரசம் என்று அளக்க வழியில்லை. கொஞ்சம் செம்பில், கொஞ்சம் அவர் உடம்பில். இனி மூத்திரத்தை, அதுவும் கண்ணாடிப் போத்தலில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அது வரவில்லை. வராவிட்டால் ஆள் பிழைக்காது என்றும் சொன்னார். மனைவி வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலடியில் இருந்தாள்.

ஒரு காலை, போத்தலின் அடி நனைகிற அளவு வந்தது. தகடு நன்றாக வெளுத்தது. பிறகு வரவர வெள்ளை மங்கியது. கடைசியில் சிவப்பாகவே வந்த தகட்டை டாக்டர் குறட்டில் பிடித்து அவளிடம் காட்டினார்.

"பாருங்கோ, வெள்ளை ஒண்டும் பிடிக்கேல்லை."

"அப்ப சோறு குடுக்கலாங்களா?"

"ஓம். குழைய வடிச்சுக் குடுங்கோ."