சோடாபுட்டிக்குத் தெரிந்த அம்மா

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. இருந்தாலும் ஐந்து வாரமாகக் கடையில் அவளுக்குச் சோடாபுட்டி என்றே பெயர். அம்மா இறந்த பிறகு அம்மாவின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டவள், குளிக்கவும் தூங்கவும்தான் கழற்றுகிறாள்.

இருபத்திரண்டு வயது. கடையின் பின்னறையில் சக்கரத்தில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பது வேலை.

அம்மாவின் கண்ணாடியோடு பஸ்ஸில் ஏறினால் தெரு உருகி வழியும். கடைகளின் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும். மனிதர்களுக்கு முகம் போய்விடும். முகம் போனால் என்ன, அம்மா வந்துவிடுவாளே! பையோடு யார் மெதுவாக நடந்தாலும் அம்மாதான். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பாள். மருந்துக்கடைப் படியில் குடையை உதறுவாள். கிட்டே மட்டும் போகக் கூடாது, போனால் வேறு யாரோ ஆகிவிடுவாள். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு நாலு தரம் அம்மாவைப் பார்க்கக் கிடைத்தால் எவள்தான் புத்தியோடு இருப்பாள்?

ஒருநாள் கடையில் முகம் கழுவும்போது கண்ணாடி கைதவறி விழுந்து, இடது லென்ஸின் ஓரம் உடைந்தது. அவள் தரையில் குந்தி உடைந்த சில்லைத் தேடினாள்.

"போனாப் போகுது விடு. இனிமேலாவது கண்ணத் திறந்து வேலையப் பாரு," என்றார் முதலாளி.

"அண்ணே, அதே பவர்ல ஒண்ணு போட்டுக்கறேண்ணே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்து அவள் தனியாகச் செய்த முதல் கண்ணாடி அது. இரண்டு வருடம் முன்பு அம்மா அதைப் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்து, "அடேங்கப்பா, ஊரே பளிச்சுனு இருக்கு!" என்றாள். இப்போது மகள் அம்மாவின் பழைய பவர் சீட்டைத் தேடி எடுத்தாள். வலது ஒன்றரை, இடது மூன்று. உடைந்த இடது லென்ஸைப் பவர் பார்க்கும் மிஷினில் வைத்தாள். ஒன்றரை காட்டியது. வலதை வைத்தாள். மூன்று.

மாற்றிப் போட்டிருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க அம்மா ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். படியில் தடுக்கினால் படியைத் திட்டுவாள். சாயங்காலமானால் தலைவலி என்று துணியைக் கட்டிக்கொள்வாள். எல்லாம் வயசுக் கோளாறு என்று இவள் கேலி வேறு செய்திருக்கிறாள், பாவி.

வீட்டில் அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா கண்ணாடில வலது இடது மாறிப்போச்சுப்பா. நான்தான்..."

"தெரியும்மா." மடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு?"

"அன்னிக்கே தெரியும். குடுத்து மாத்திட்டு வான்னேன். 'பொண்ணு முதமுதலா செஞ்சது, அங்க போய்ச் சொன்னா அவ வேலைக்கு நானே உலை வச்ச மாதிரி ஆயிடும், நீங்க வாயத் திறக்காதீங்க'ன்னுட்டா."

அவள் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ரெண்டு வருஷமா என்னைக்கூட அம்மா சரியாப் பாக்கலையாப்பா?"

அப்பா சிரித்தார், ஐந்து வாரத்தில் முதல் தடவையாக. "நல்லாக் கேட்டே போ! நீ வாசல்ல நுழைஞ்சதும் அவ என்ன பண்ணுவா, நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். கதவு திறந்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றுவாள். சனியன், எவ்வளவு துடைச்சாலும் அழுக்கு, என்று அலுத்துக்கொண்டே துடைப்பாள். துடைத்தபடி வெறும் கண்ணால் இவளை ஏற இறங்கப் பார்ப்பாள். "என்னடி, மூஞ்சி வாடிக் கெடக்கு? மத்தியானம் சாப்பிடலதானே?" ஒருநாள்கூட அம்மாவின் கணிப்பு தப்பியதில்லை.

மறுநாள் அவள் புது லென்ஸ் போடவில்லை. கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் பஸ் ஏறினாள். எதிர்ப்பக்கம் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு முகம் இருந்தது. அம்மா இல்லை, யாரோ. மத்தியானம் சாப்பிடாதவள் போல வாடியிருந்தாள். பஸ் திரும்பும்வரை அந்த முகத்தையே பார்த்துவிட்டு, துடைக்கக் கண்ணாடி இல்லாததால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.